சாண்டோரினியின் அசீர்டிகோ: ஏன் இவ்வளவு புளிப்பு, ஏன் இவ்வளவு விலை?

கேள்வி கேட்டவர் கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்திருக்கிறார். அங்கே ஒரு வெள்ளை வைன் குடித்தாராம். இனிப்பே இல்லை, எலுமிச்சைச் சாற்றில் உப்புக்கல் போட்டதுபோல் இருந்ததாம். பிடித்துப்போய் பாட்டிலுக்கு 35 யூரோ வீதம் கொடுத்து இரண்டு பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். ஒன்றை ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வைத்திருந்து எடுத்துப் பார்த்தால் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? அது என்ன திராட்சை? கொடிகள் ஏன் பந்தலில் ஏறாமல் பறவைக் கூடு மாதிரி தரையில் சுருண்டு கிடக்கின்றன? அந்த விலை நியாயம்தானா? இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் கெடவில்லை, தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். அந்தத் துகள் கண்ணாடியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. திராட்சையில் இயல்பாகவே இருக்கும் டார்டாரிக் அமிலம், குளிர் பட்டதும் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிகிறது. கேக் செய்கிறவர்கள் கடையில் வாங்கும் க்ரீம் ஆஃப் டார்டர் இதே பொருள்தான். ஒரு துகளை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கறுக் என்று கடிபடும், புளிக்கும், அவ்வளவுதான்.

அந்தப் புளிப்பு நமக்குப் புதிதல்ல. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்போ பெரும்பாலும் டார்டாரிக் அமிலம். உங்கள் நாக்கு எலுமிச்சை என்று சொன்னது வாசனையை வைத்து. உண்மையில் அந்த வைனின் முதுகெலும்பாக இருப்பது ரசத்துக்குக் கரைக்கிறோமே, அந்தப் புளியில் இருக்கும் அதே அமிலம். இந்தத் திராட்சையைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தாலும், எல்லாம் சுற்றிச் சுற்றி இந்தப் புளிப்பில்தான் வந்து நிற்கும்.

திராட்சையின் பெயர் அசீர்டிகோ. சாண்டோரினியின் சொந்தத் திராட்சை. தீவில் ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேரில் திராட்சை இருக்கிறது, அதில் முக்கால் பங்குக்குக் கிட்ட இதுதான். அதீரி, ஐதானி என்று வேறு இரண்டு வெள்ளை ரகங்களும் உண்டு. அவை மென்மையானவை. சில வைன் ஆலைகளில் கொஞ்சம் கலப்பார்கள், ஐதானி ஒரு பூ வாசனை தரும். ஆனால் சாண்டோரினி என்று பெயர் போட்டு வரும் உலர், அதாவது இனிப்பில்லாத, வெள்ளை வைனில் பெரும்பகுதி அசீர்டிகோவாக இருந்தே ஆகவேண்டும். 1971-லிருந்து அப்படிச் சட்டம். பலர் வேறெதுவும் கலக்காமல் முழுக்க அசீர்டிகோவிலேயே செய்கிறார்கள்.

இப்போது அந்தப் புளிப்புக்கு வருவோம். திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். வெயில் கூடினால் அமிலம் இன்னும் வேகமாக இறங்கும். அதனால்தான் சூடான ஊர் வெள்ளை வைன்கள் பல நேரம் கனமாக, சப்பென்று இருக்கும், இரண்டாவது கிளாஸ் இறங்காது. சாண்டோரினி கொளுத்தும் ஊர். கோடையில் மழையே கிடையாது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அறுவடை ஆரம்பித்துவிடும். நியாயப்படி அங்கே நல்ல புளிப்பான வெள்ளை வைன் வரவே கூடாது. ஆனால் அசீர்டிகோ 13.5, 14 சதவீத ஆல்கஹால் வரும் அளவுக்குப் பழுத்த பிறகும் அமிலத்தை விடுவதில்லை. புளிப்பை அளக்கும் பிஹெச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம்; அதன் சாற்றில் அது 3-க்குப் பக்கத்திலேயே நிற்கும், சில சமயம் அதற்கும் கீழே போகும். ஜெர்மனியின் குளிர்ந்த ஆற்றங்கரைச் சரிவுகளில் வேண்டுமானால் அப்படி ஓர் எண்ணை எதிர்பார்க்கலாம், ஏஜியன் கடல் நடுவே ஒரு மொட்டைத் தீவில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

காரணம் பாதி திராட்சையில், பாதி மண்ணில். திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். மாலிக் அமிலம் வெயிலில் கரைந்துபோகும், கொடி அதைச் சுவாசித்தே தீர்த்துவிடும். டார்டாரிக் அமிலம் அப்படிச் சுலபத்தில் போகாது. அசீர்டிகோவின் புளிப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அப்புறம் மண். பொட்டாசியம் நிறைய இருக்கும் மண்ணில் வேர் அதை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்பும். அது டார்டாரிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு புளிப்பை மட்டுப்படுத்திவிடும். சாண்டோரினி மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. பிடிக்க ஆள் இல்லாததால் அமிலம் அப்படியே நிற்கிறது. உங்கள் பாட்டிலில் படிந்த துகள், இருந்த கொஞ்சநஞ்சப் பொட்டாசியம் பிடித்த அமிலம்.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த அந்தப் பிறை வடிவத் தீவு ஒரு எரிமலையின் விளிம்பு. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்துச் சிதறி, நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்தது. மிஞ்சிய நிலத்தின் மேல் பல மீட்டர் உயரத்துக்குச் சாம்பலும் நுரைக்கல்லும் கொட்டி மூடின. அக்ரோதிரி என்ற ஊரே அதற்கடியில் போய்விட்டது. 1967-இல்தான் ஸ்பிரிடான் மரினாடோஸ் என்ற தொல்லியலாளர் அங்கே முறையாகத் தோண்டத் தொடங்கினார். அந்தச் சாம்பல், நுரைக்கல், எரிமலைக் குழம்புத் துண்டு எல்லாம் கலந்த மண்ணை உள்ளூரில் அஸ்பா என்கிறார்கள். குளித்துவிட்டுக் குதிகாலைத் தேய்க்கும் கல் இருக்கிறதே, அதைப் பொடித்துப் பரப்பினால் எப்படி இருக்கும், அப்படி. சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்துக்குக்கூட இந்தத் தீவிலிருந்து இந்த மண்ணை ஏற்றிப் போயிருக்கிறார்கள். சுண்ணாம்போடு சேர்த்தால் கடல்நீரில் கரையாத காரை கிடைக்கும்.

அந்த மண்ணில் களிமண் ஏறக்குறைய இல்லை, மக்கு இல்லை. வேறு எந்த விவசாயியும் தொட்டுப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார். ஆனால் களிமண் இல்லாததுதான் இந்தக் கொடிகளைக் காப்பாற்றியது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபிலோக்சரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்து, சில பத்தாண்டுகளில் கண்டம் முழுக்கத் திராட்சையை அழித்தது. இன்று பிரான்சிலோ இத்தாலியிலோ நீங்கள் பார்க்கும் கொடிகள் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டியவை. மேலே ஒரு ரகம், கீழே வேறொன்றின் வேர். அந்தப் பேனுக்கு மணற்பாங்கான மண் ஆகாது, களிமண் வெடிப்புகள் இல்லாமல் வேரிலிருந்து வேருக்குப் போக முடியாது. அதனால் சாண்டோரினியில் அது கால் ஊன்றவே இல்லை. அங்கே அசீர்டிகோ தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. ஒட்டுத் தேவையில்லாததால் புதுக்கொடி வேண்டுமென்றால் பக்கத்துக் கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டால் போதும், வேர் பிடித்துவிடும். நம் ஊரில் மல்லிகைக்குச் செய்வது மாதிரிதான்.

நீங்கள் பறவைக் கூடு என்று சொன்ன அந்தக் கொடிக் கூடைக்கு வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போனவர்களுக்குத் திராட்சை என்றால் பந்தல்தான் நினைவுக்கு வரும், தலைக்கு மேலே கல்தூணும் கம்பியும், அண்ணாந்து பார்த்தால் பன்னீர் திராட்சைக் குலைகள். சாண்டோரினியில் நேர்மாறு. மண்டியிட்டால்தான் பழம் தெரியும். மேலே தூக்கிக் கட்டினால் காற்று பிய்த்துப் போட்டுவிடும். வசந்தத்தில் தளிர் விடும் நேரத்தில் காற்று, கோடையில் வடக்கேயிருந்து வரும் மெல்தேமிக் காற்று. அது நுரைக்கல் பொடியையும் வாரிக்கொண்டு வரும், பிஞ்சில் பட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. அதனால் கொடியைத் தரையோடு தரையாக வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரு கூடையாக முடைகிறார்கள். அதற்குப் பெயர் குலூரா. பானையைச் சாயாமல் வைக்க வைக்கோலில் ஒரு பிரிமணை முறுக்குவோமே, அதைப் பெரிதாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படி இருக்கும், அதுதான் குலூரா. இலை வெளிப்பக்கம், குலைகள் உள்பக்கம். வெயிலும் படாது, காற்றும் அடிக்காது.

நான் ஐரோப்பாவில் உணவகங்களில் வைன் வேலை பார்க்கிறவன். ஒரு ஜனவரியில் கவாத்துப் பார்ப்பதற்கென்றே அந்தத் தீவுக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், கையில் கவாத்துக் கத்திரி, இடுப்பில் ஒரு சின்ன ரம்பம். ஒரு கூடையின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்தார். போன வருடம் வளர்ந்த கொடிகளில் நாலைந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினார். விட்ட கொடியை இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிகிற மாதிரி மெல்ல முறுக்கிக்கொண்டே வளைத்து, பழைய வட்டத்தின் மேல் செருகினார். முறுக்கும்போது நார் நெகிழும் ஒரு சின்னச் சத்தம் வரும். அதைத் தாண்டி ஒரு விரல் போனாலும் கொடி படக்கென்று முறிந்துவிடும். நான் வாங்கிச் செய்து பார்த்தேன். முதல் கொடியையே முறித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கொடியை எடுத்து என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு முறுக்கினார். எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்படி வருடாவருடம் ஒரு சுற்று கூடும். எழுபது, எண்பது வருடம் ஆனதும் கூடை பெருத்துவிடும். வேரிலிருந்து கிளம்பும் சாறு அத்தனை சுற்றும் சுற்றி நுனிக்குப் போய்ச் சேர வேண்டும், காய்ப்புக் குறைந்துவிடும். அப்போது கூடையை அடியோடு அறுத்து எடுத்துவிடுவார்கள். மண்ணுக்குள் இருக்கும் அடிமரத்திலிருந்து புதுத் தளிர் வரும். அதை வைத்து மறுபடி முதல் சுற்றிலிருந்து ஆரம்பம். ஆக மேலே தெரிகிற கூடையின் வயதும் கீழே இருக்கும் வேரின் வயதும் ஒன்றல்ல. இப்படி நாலைந்து தடவை அறுபட்ட வேர்களும் உண்டு என்று சொல்வார்கள். அப்படியானால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்? வருட மழை 400 மில்லிமீட்டரைத் தொடாது, அதுவும் குளிர்காலத்தில்தான் பெய்யும். ஆற்று நீர் இல்லை, கிணறு சொல்லும்படி இல்லை. இரவில் கடலிலிருந்து மேலேறும் பனிமூட்டம்தான் கோடையில் கொடிக்குக் கொஞ்சம் ஆறுதல். நுரைக்கல் முழுக்கத் துளை, அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விடியற்காலையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் சில்லென்று இருக்கும். பத்து மணிக்கு மேல் அதே கல் கையைச் சுடும். ஈரம் தேடி வேர் வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கொடியின் வேர் இன்னொன்றுக்குப் போட்டியாகிவிடக் கூடாதென்று கூடைகளையும் தள்ளித் தள்ளித்தான் வைப்பார்கள். நீங்கள் பார்த்தபோது நிலம் பாதி காலியாகக் கிடப்பதுபோல் தோன்றியிருக்கும். காலி இல்லை, அடியில் வேர் இருக்கிறது.

சரி, விலை. இதற்கு மேல் நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும், ஆனாலும் கணக்காகச் சொல்கிறேன். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் ஹெக்டேருக்குப் பத்து டன் அளவில் எடுப்பார்கள். சாண்டோரினியில் 2 டன் வந்தாலே நல்ல வருடம். 2023, 2024 இரண்டும் வறட்சியும் வெயிலும் சேர்ந்து மிக மோசமாகப் போன வருடங்கள், அதில் பாதிகூட வராத தோட்டங்கள் உண்டு. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். எந்த இயந்திரமும் அந்தக் கூடைக்குள் நுழையாது, உழுவதும் கைவேலைதான். அறுவடையில் மண்டியிட்டு, இலையை விலக்கி, கையைக் கூடைக்குள் விட்டுத் துழாவி ஒவ்வொரு குலையாக வெட்டி எடுக்க வேண்டும். நான் ஒரு ஆகஸ்ட்டில் மூன்று நாள் கைகொடுத்தேன், நாலாம் நாள் குனிய முடியவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் அறுவடை முடியும்வரை அதைச் செய்கிறார்கள்.

இதற்கு மேல் நிலத்தின் விலை. தீவில் குடியிருப்பவர்கள் பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேர். வருடத்துக்கு வந்துபோகும் பயணிகள் 30 லட்சத்துக்கு மேல். கடல் தெரியும் ஒரு துண்டு நிலத்தில் கூடை முடைவதா, நீச்சல்குளம் வைத்து அறை கட்டுவதா என்று வந்தால், பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு தோட்டம் போனால் போவது ஒரு வருட விளைச்சல் மட்டுமல்ல. பல தலைமுறை அறுத்து அறுத்துத் தளிர்க்கவிட்ட வேர் போகிறது, அதைத் திரும்ப நட முடியாது. திராட்சைக்கு இப்போது கிடைக்கும் நல்ல விலைதான் இன்னும் மிச்சமிருப்பவர்களைத் தோட்டத்தில் பிடித்துவைத்திருக்கிறது. அதனால் 35 யூரோ நியாயமா என்று கேட்டால், நியாயம்தான் என்பது என் பதில். தீவுக்குள்ளேயே அதற்குப் பாதி விலையில் சாண்டோரினி பாட்டில் யாராவது நீட்டினால் லேபிளை ஒருமுறை நன்றாகப் படியுங்கள்.

இந்தச் சுத்தமான உலர் வெள்ளை வைன் ஒன்றும் அவ்வளவு பழமையானதல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் தீவுக்காரர்கள் பழம் நன்றாகக் கனிந்த பிறகே பறித்து, கனாவா என்ற குகைபோன்ற அறைகளில் காலால் மிதித்து, பெரிய பழைய பீப்பாய்களில் ஊற்றிவைப்பார்கள். ப்ரூஸ்கோ என்று பெயர். தடித்து, நிறம் மாறி, தலைக்கேறும் வைன். ஊருக்கு வெளியே அதற்குப் பெரிய பேர் கிடையாது. உலகத்துக்குத் தெரிந்தது அவர்களுடைய இனிப்பு வைனான வின்சான்டோதான். வெனிஸ்காரர்கள் கையில் தீவு இருந்த காலத்தில் சாந்தா இரினி என்ற புனிதரின் பெயரால் அது சாண்டோரினி ஆயிற்று, அந்த ஊர் வைன் வின்சான்டோ ஆயிற்று. பறித்த பழத்தை ஒன்றிரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, கருப்பட்டி நிறத்துக்கு வந்த பிறகு பிழிந்து, குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் வைப்பது. ரஷ்யத் தேவாலயங்களில் நற்கருணைக்கு இதைத்தான் வாங்கினார்கள், கப்பல் கப்பலாகப் போயிற்று. 1917 புரட்சியோடு அந்தச் சந்தை நின்றது. பிறகு 1956 ஜூலை 9-ஆம் தேதி ஒரு பெரும் நிலநடுக்கம், தீவில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் விழுந்தன, குடும்பம் குடும்பமாக ஏதென்ஸ் பக்கம் கிளம்பிவிட்டார்கள். தோட்டங்கள் பல அப்படியே கைவிடப்பட்டன.

1980-களின் இறுதியில்தான் திருப்பம். வடக்குக் கிரேக்கத்தின் பூத்தாரிஸ் குடும்பம் தீவில் ஒரு வைன் ஆலை கட்டி 1989-இல் திறந்தது. முன்கூட்டியே பறி, குளிரவைத்துப் புளிக்கவிடு, பழத்தின் கூர்மையைக் காப்பாற்று என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த மாற்றம். அதில் முன்நின்ற யானிஸ் பூத்தாரிஸ் பிற்காலத்தில் தெசலோனிகி நகரத்தின் மேயராகவும் இருந்தவர். அவருக்குப் பின் கணித ஆசிரியராக இருந்த பாரிஸ் சிகாலாஸ், காயா நிறுவனத்தின் யானிஸ் பரஸ்கெவோபூலோஸ், ஹரிடிமோஸ் ஹட்சிடாகிஸ் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஹட்சிடாகிஸ் 2017-இல் காலமானார். அவர் கையால் செய்த வைன்களில் ஒன்றைக் குடித்த பிறகுதான் இந்தத் திராட்சையை நான் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன். மூக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை, வாயில் வைத்ததும் கன்னத்தின் உட்பக்கம் இறுகியது, விழுங்கி வெகுநேரம் கழித்தும் நாக்கில் உப்பு இருந்தது.

அந்த உப்பைப் பற்றி. எரிமலை மண்ணின் சுவை வேர்வழியாக ஏறி வைனுக்குள் வருகிறது என்று அங்கே வைன் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. கல்லுக்குச் சுவை கிடையாது, வேர் கல்லை உறிஞ்சுவதும் இல்லை. கடல்காற்று பழத்தின் மேல் படிய வைக்கும் உப்பு கொஞ்சம் சேரலாம். மற்றபடி அந்தக் கடுமையான புளிப்பும், வெள்ளைத் திராட்சைக்கு அரிதான ஒரு துவர்ப்பும், இனிப்பின்மையும், அடங்கிய வாசனையும் சேர்ந்தால் நாக்கு அதை உப்பு என்றும் நனைந்த கல் என்றும் எடுத்துக்கொள்கிறது என்றே நினைக்கிறேன். காரணம் எதுவானாலும் சுவை உண்மை.

உப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த ஆம்போரா ஜாடித் துண்டுகளில், இதே ஏஜியன் கடலின் இன்னொரு தீவான கோஸ் தீவு வகை ஜாடிகளும் உண்டு. கோஸ் தீவு வைன் கடல்நீர் கலந்து செய்வதற்குப் பேர்போனது. அது அசீர்டிகோ இல்லை, சாண்டோரினியும் இல்லை. ஆனால் சங்கப் புலவர்கள் பாடிய யவனர் தேறல் கொஞ்சம் உப்புக் கரித்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

நீங்கள் குடித்தது எஃகுத் தொட்டியில் செய்த எளிய வகையாக இருக்க வேண்டும். நிக்தேரி என்று எழுதியிருந்தால் அது வேறு. நிக்தா என்றால் இரவு. பகல் வெயிலுக்குப் பயந்து, பறித்த பழத்தை இரவோடு இரவாகப் பிழிந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். இன்று கொஞ்சம் அதிகம் கனிந்த பழத்தில் செய்து, சில மாதம் பீப்பாயில் வைப்பார்கள். கனமாக இருக்கும், வறுத்த கோழிக்குக்கூட நிற்கும். வின்சான்டோ கிடைத்தால் அரை பாட்டிலாவது வாங்குங்கள். காய்ந்த அத்தி, பேரீச்சை, காப்பி, கருப்பட்டிப் பாகு எல்லாம் வரும், ஆனால் திகட்டாது. அங்கேயும் அந்தப் புளிப்புதான் வேலை செய்கிறது, புளி சேர்த்த வெல்லப் பச்சடி திகட்டாத மாதிரி. டஸ்கனியில் வின் சான்டோ என்று ஒன்று விற்பார்கள், அது வேறு திராட்சை, வேறு கதை.

தீவுக்கு வெளியேயும் இப்போது அசீர்டிகோ பரவியிருக்கிறது. வடக்குக் கிரேக்கத்தில் நிறைய நட்டிருக்கிறார்கள், அங்கே சாவிஞோன் பிளாங்க் என்ற பிரெஞ்சு வெள்ளைத் திராட்சையோடு கலந்தும் செய்கிறார்கள். பழ வாசனை கூடுதல், விறைப்பு குறைவு, விலையும் குறைவு. ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கின் ஜிம் பாரி வைன் ஆலையைச் சேர்ந்த பீட்டர் பாரி 2006-இல் சாண்டோரினிக்குப் போனபோது குடித்துப் பார்த்து, குச்சிகளை வரவழைத்து, தனிமைப்படுத்தும் விதிகளையெல்லாம் தாண்டி நட்டு, 2016 அறுவடையிலிருந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிட்னியிலோ மெல்போர்னிலோ இருக்கும் நம்மவர்களுக்கு அதுதான் கைக்கெட்டும் வழி. நன்றாகவே இருக்கிறது. ஊர் வெப்பமாகிக்கொண்டே வரும் காலத்தில் வெயிலில் புளிப்பை விடாத ஒரு திராட்சையை எல்லோரும் தேடுவது இயல்புதான். கன்னத்தை இறுக்கும் அந்தப் பிடி மட்டும் எனக்குத் தீவின் பாட்டிலில்தான் கிடைத்திருக்கிறது.

குடிக்கும் விதம். ஐஸ் மாதிரி குளிர வைக்காதீர்கள். சாண்டோரினியிலேயே ஒரு உணவகத்தில் பனிவாளியில் முக்கால் மணி நேரம் மூழ்கவைத்துக் கொண்டுவந்து ஊற்றினார்கள், புளிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிளாஸை உள்ளங்கையில் வைத்துக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது. 10, 12 டிகிரி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வையுங்கள். இது உணவோடு குடிக்கிற வைன், தனியாகக் குடித்தால் வயிறு கேள்வி கேட்கும். தீவில் ஃபாவா என்று ஒரு மஞ்சள் பருப்புக் கடைசல் கொடுத்திருப்பார்களே, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்டு. அது நம் கேசரிப் பருப்புக்குச் சித்தப்பா மகன் முறை. அதற்கும், தக்காளியில் போடும் அந்தப் பகோடாவுக்கும் இது அப்படிப் பொருந்தும். வீட்டில் என்றால் வஞ்சிரமோ நெத்திலியோ வறுத்துவிட்டு எலுமிச்சை பிழியாமல் பரிமாறுங்கள். அந்த வேலையை வைன் பார்த்துக்கொள்ளும். மிளகாய்த் தூளை மட்டும் பாதியாகக் குறையுங்கள், 14 சதவீத ஆல்கஹாலோடு காரம் சேர்ந்தால் வாய் எரியும். புளிக்குழம்போடு வேண்டாம், இரண்டும் ஒரே அமிலம், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

துகள் படிந்த பாட்டிலை ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, குலுக்காமல் மெதுவாக ஊற்றுங்கள், துகள் அடியிலேயே தங்கிவிடும். இன்னொன்று இருக்கிறதே, அதை இப்போது திறக்காதீர்கள். வெளிச்சம் படாத, ஒரே சீரான குளிரில் படுக்க வைத்து நாலைந்து வருடம் மறந்துவிடுங்கள். நல்ல அசீர்டிகோ பத்து வருடம்கூடத் தாங்கும். எலுமிச்சை வாசனை போய்த் தேன்மெழுகும் வறுத்த பருப்பும் வரும், நிறம் பொன்னாகும். புளிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.